குழலைக் காத்த மெழுகு

1857ஆம் ஆண்டுச் சிப்பாய்க் கிளர்ச்சியைப் பாடசாலையில் படித்த எவருக்கும் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் ஞாபகம் இருக்கும். இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருசேரக் கொதிக்க வைத்த கொழுப்பு அது. பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருப்போம். ஆனால் அந்தத் தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு என்று பாடப் புத்தகம் சொல்வதில்லை, பிள்ளைகளும் கேட்பதில்லை.

விடை ஈயத்தில் இருக்கிறது. என்பீல்ட் துவக்கு 1853இல் வந்தது. அதற்கு முன்னிருந்த பிரவுண் பெஸ் துவக்கின் குழல் உள்ளே வழுவழுப்பானது. குண்டு குழலைவிடச் சிறியது என்பதால் வாயில் போட்டால் அடிக்குப் போய்ச் சேரும், சுடும்போது சுவரில் முட்டி மோதிக்கொண்டு வெளியேறும், குறி தப்பும். என்பீல்டின் குழலுக்குள் புரி வெட்டியிருந்தது. அதன் சன்னம் மென் ஈயத்தில் செய்தது, அடிப்பக்கம் குழிவானது. மருந்து வெடித்ததும் அந்தக் குழிவு விரிய, ஈயம் புரிக்குள் பிதுங்கி ஏறும். சன்னம் சுழன்றபடி நேரே போகும். இதற்கு ஈயம் மென்மையாக இருந்தே ஆக வேண்டும். மென் ஈயமோ உரசிய இடத்திலெல்லாம் தன்னில் கொஞ்சத்தை விட்டுவிட்டுப் போகிற உலோகம். அதோடு கரிமருந்தின் கசடும் சேர்ந்துகொண்டால், கொஞ்ச வெடிக்குப் பிறகு அடுத்த சன்னத்தைக் குழலுக்குள் இறக்குவதே பெரும்பாடு. அதற்காகத்தான் சன்னத்தைச் சுற்றிய தாளில் கொழுப்புப் பூசினார்கள்.

பிறகு நடந்தது தெரிந்த கதை. 1857 மார்ச் 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துவக்கைத் தூக்கினார். ஏப்ரல் 24இல் மீரட்டில் 85 படையினர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10இல் கிளர்ச்சி வெடித்தது. சிப்பாய்கள் தங்களுக்கு ஏற்ற மெழுகையும் எண்ணெயையும் தாங்களே பூசிக்கொள்ளலாம் என்று இடையில் அரசு இறங்கி வந்ததுதான், காலம் கடந்துவிட்டது. எந்தக் கொழுப்பு என்பதில் எழுந்த கோபம் நியாயமானது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. என்னை நெடுநாளாக யோசிக்க வைப்பது அதன் பக்கத்திலேயே கிடக்கிற இன்னொரு விஷயம். ஈயத்துக்கும் இரும்புக் குழலுக்கும் நடுவில் எதை வைப்பது என்று ஒரு பேரரசு அவ்வளவு மெனக்கெட்டது. ஈயத்துக்கும் மனித உடம்புக்கும் நடுவில் எதை வைப்பது என்று யார் மெனக்கெட்டார்கள்? யாழ்ப்பாணத்துக் கரையோரங்களில் ஈயத்தோடு பிழைக்கிற சனத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி மனதில் வந்து நிற்கிறது.

குழல் பற்றிய அறிவு மிக நுட்பமானது. அதை முதலில் மரியாதையோடு சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா போன்ற நாடுகளில் சன்னத்தைத் தாமே ஈயத்தில் வார்த்து, வெற்றுக் கோதுகளில் மீண்டும் தோட்டா நிரப்புவது ஒரு பொழுதுபோக்கு. எங்கள் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி துவக்கு வைத்திருக்கவே அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்தப் பொழுதுபோக்கு இங்கே இல்லை, இல்லாதது நல்லதுதான். ஆனால் அந்த மனிதர்கள் குழலில் ஈயம் ஒட்டாமல் இருப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த அனுபவம் படிக்கப் படிக்கச் சுவையானது. வேகம் கூடினால் ஈயம் சூடாகி உருகி ஒட்டுகிறது என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். உண்மையில் பெரும்பாலும் குற்றவாளி இடைவெளிதான். சன்னம் புரியின் பள்ளத்தைவிட ஒரு மயிரிழை சிறுத்திருந்தால், வெடியின் வாயு அந்தச் சந்தால் பீறிட்டுப் பாய்கிறது. தட்டாரின் ஊதுகுழல் பொடிவைத்துப் பற்றவைப்பதைப்போல அது சன்னத்தின் ஓரத்தை அரித்தெடுத்துக் குழலின் சுவரில் பற்றவைத்துவிடுகிறது. அடுத்து வருகிற சன்னம் அந்த ஈயத்தின் மேல் உரசி இன்னும் கொஞ்சம் விட்டுவிட்டுப் போகும். புரி நிரம்பும். குறி பிசகும்.

ஆகவே சன்னம் குழலைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு பெருத்திருக்க வேண்டும் என்பார்கள். மில்லிமீற்றரில் சொன்னால் 0.025. இதற்காகக் குழலை அளக்கிறார்கள், சன்னத்தை அளக்கிறார்கள். ஈயத்தைக் கடினமாக்கினால் ஒட்டாது என்பதும் பாதி உண்மைதான். அளவுக்கு மிஞ்சிக் கடினமான சன்னம் விரிந்துகொடுக்காது, இடைவெளி மூடாது, வாயு பாயும், கடைசியில் மென் ஈயத்தைவிட மோசமாக ஒட்டும். எவ்வளவு வெடிவலு, அதற்கு எவ்வளவு கடினம், எந்த மெழுகு, தேன்மெழுகோடு எந்த எண்ணெய், சன்னத்தின் அடியில் செம்புக் கிண்ணி வைப்பதா, தாள் சுற்றுவதா என்று கணக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை. சன்னம் குழலுக்குள் இருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு. அந்த நேரத்துக்கு இவ்வளவு அக்கறை.

ஈயத்தைக் கடினமாக்குபவை அன்ரிமனியும் வெள்ளீயமும். இந்த மூன்றும் சேர்ந்த கலவை யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அதற்கு முன்பே அமெரிக்க மிஷனரிமாரின் அச்சகம் மானிப்பாயில் ஓடிக்கொண்டிருந்தது. உதயதாரகையிலிருந்து இந்து சாதனம், ஈழகேசரி, ஈழநாடு வரை இந்தக் குடாநாடு வாசித்த எழுத்தெல்லாம் அந்தக் கலவையில் வார்த்த எழுத்து. அன்ரிமனி சேர்ந்தால் ஆறும்போது உலோகம் சுருங்குவது குறையும், எழுத்தின் விளிம்பு கூராக நிற்கும். வெள்ளீயம் சேர்ந்தால் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடிப் பாயும். இதே இரண்டு குணங்களுக்காகத்தான் சன்னம் வார்ப்பவர்களும் அதைத் தேடினார்கள். 1970களில் அமெரிக்கப் பத்திரிகைகள் ஈய எழுத்தைக் கைவிட்டபோது, அந்த அச்சு உலோகத்தை வாங்கிக் குவித்தவர்களில் இவர்களும் இருந்தார்கள். தேவாரமும் தோட்டாவும் ஒரே கலவையில் பிறக்கலாம் என்பது உலோகத்தின் குற்றமல்ல.

அச்சுக்கூடத்தைச் சொன்னதும் பெஞ்சமின் பிராங்ளின் எழுதிய ஒரு கடிதம் நினைவுக்கு வருகிறது. 1786 யூலை 31 திகதியிட்டது. இளவயதில் இலண்டன் அச்சுக்கூடமொன்றில் வேலை செய்த அனுபவத்தை அதில் சொல்கிறார். குளிர்காலத்தில் எழுத்துகளை நெருப்பருகே வைத்துக் காய வைப்பார்கள். சூடான எழுத்தைக் கையாளுவது சுகமாக இருக்கும். ஆனால் அப்படிச் செய்த தொழிலாளர்கள் சிலருக்குக் கை ஏறக்குறைய விழுந்துபோனதை ஒரு மூத்த தொழிலாளி அவருக்குச் சொல்கிறார். ஈயத்திலிருந்து எழும் ஆவிதான் காரணம் என்று பிராங்ளின் அஞ்ச, எழுத்து வார்க்கும் ஒருவர் வேறொன்றைச் சொல்கிறார்: கழுவாத கையோடு சாப்பிட்டதால் உலோகத் துகள் வாய்க்குள் போயிருக்கலாம் என்கிறார். இரண்டு நூற்றாண்டு மருத்துவம் அந்த வார்ப்பாளர் பக்கம்தான் நின்றது. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும்; விறகடுப்பின் சூடே போதும். அந்தச் சூட்டில் ஆவியாவது மிகக் கொஞ்சம். ஆபத்து அதன் மேலே படரும் சாம்பல் நிறக் கசட்டில், அதை வழித்துக் கொட்டும்போது எழும் தூசியில், அந்தத் தூசி ஒட்டிய விரலில் இருக்கிறது.

இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். குழலில் ஒட்டிய ஈயத்தைச் சுரண்டி எடுப்பது சள்ளையான வேலை. அதற்குக் குறுக்குவழியாக வினாகிரியையும் ஐதரசன் பேரொட்சைட்டையும் கலந்து குழலுக்குள் ஊற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஈயம் சில நிமிடங்களில் கரைந்துவிடும். குழல் பளிச்சென்று ஆகிவிடும். கரைந்த ஈயம் அசற்றேற்று என்னும் உப்பாகி அந்தத் தண்ணீரில் நிற்கிறது; உலோகமாகக் கிடந்த ஈயத்தைவிட அது உடம்புக்குள் சுலபமாகப் போகும். அனுபவசாலிகள் இதைச் செய்யாதே என்று திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். குழலைச் சுத்தம் பண்ணியவன் விஷத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொண்ட கதை இது. நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு செயலுக்குள் அடங்கியிருக்கிறது.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். குருநகர், பாசையூர், நாவாந்துறை, மயிலிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்று எந்தத் துறைக்குப் போனாலும் வலையின் அடிக்கயிற்றில் ஈயம் இருக்கும். மேலே மிதவை, கீழே ஈயம். இரண்டுக்கும் நடுவில்தான் வலை நிமிர்ந்து நிற்கிறது. வீச்சுவலைக்கு ஈயம் இன்னும் முக்கியம். விரிந்த வலை மீன் விலகுமுன் அடியைத் தொட வேண்டும். நீரைவிடப் பதினொரு மடங்கு பாரம், உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்காது, நசுக்கினால் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். சுடுமண் குண்டும் கல்லும் கட்டிய காலம் உண்டு. ஈயம் வந்த பிறகு வேறெதுவும் அதன் இடத்துக்கு வரவில்லை. கடைகளில் வார்த்த குண்டு கிடைத்தாலும், பழைய ஈயத்தை உருக்கித் தாங்களே ஊற்றிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒருமுறை குருநகர்க் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் பக்கத்தில் நெடுநேரம் குந்தியிருந்தேன். அடிக்கயிற்றில் பழைய ஈயம் கழன்ற இடத்தில் புதிதாக ஒன்றை வைத்தார். அது நடுவில் பிளந்த சின்னக் குண்டு. கயிற்றைப் பிளவுக்குள் நுழைத்தார், வாய்க்குக் கொண்டுபோனார், கடைவாய்ப் பல்லால் ஒரு கடி. குண்டு மூடிக்கொண்டது. அதன்மேல் பல்லின் தடம் பளபளத்தது. அடுத்த குண்டு, அடுத்த கடி. நடுவில் வெற்றிலை.

"குறடு இல்லையோ ஐயா?"

"இருக்குத் தம்பி. குறடு எடுத்து வைச்சுக்கொண்டிருந்தா ஆர் இதை முடிக்கிறது? பல்லுத்தான் கெதி."

"ஈயம் வயித்துக்க போனா கூடாதெல்லே."

"அப்புவும் இப்பிடித்தான் கட்டினவர். அவருக்கு ஒண்டும் வரேல்லை."

அவரோடு வாதிட எனக்கு மனம் வரவில்லை. ஈயம் செய்கிற கெடுதி பாம்புக் கடி மாதிரி உடனே தெரிவதில்லை. அது எலும்பில் போய்ச் சேர்ந்து பத்து இருபது வருடம் அங்கேயே கிடக்கும். இரத்தத்தைக் குறைக்கும், வயிற்றைப் பிசையும், பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் வேறு வேறு காரணம் சொல்லிக்கொள்ளலாம். கர்ப்பிணியின் எலும்பில் பழைய ஈயம் இருந்தால் அது வெளியே வந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். சிறு பிள்ளையின் உடம்பு, உட்கொண்ட ஈயத்தைப் பெரியவரின் உடம்பைவிட நாலைந்து மடங்கு உறிஞ்சும். மூளையின் வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அப்புவுக்கு ஒன்றும் வரவில்லை என்பது அப்புவின் இரத்தத்தை யாரும் பார்க்கவில்லை என்பதுதான்.

வார்க்கும் இடம்தான் எனக்கு இன்னும் கவலை. அடுப்பு குசினிக்குப் பின்னால், கிணற்றடிக்குப் பக்கத்தில் இருக்கும். பழைய தாச்சி ஒன்று, நெருப்பு மூட்டப் பனைமட்டை, ஊற்ற ஒரு இரும்பகப்பை. ஈயம் உருகியதும் மேலே ஒரு தோல் படரும். அகப்பையால் ஒதுக்கினால் அடியில் கண்ணாடி மாதிரி மினுங்கும். அழகான காட்சிதான், பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பதில் ஆச்சரியமில்லை. அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தால் நீர் ஆவியாகி ஈயம் முகத்துக்குத் தெறிக்கும் என்பது வார்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். அச்சைக் காய வைக்காமல் எவரும் ஊற்றமாட்டார். கண்ணுக்குத் தெரிகிற ஆபத்தில் அவ்வளவு கவனம். வழித்த கசட்டைக் கொட்டுவது வாழையடியில்.

தொண்ணூறுகளின் முதற்பாதியில், யுத்தகாலத் தடைக்குள், இங்கே மின்சாரமும் இல்லை, சாமானும் வராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம், ஜாம்போத்தல் விளக்கில் படித்தோம். எந்தப் பொருளும் ஒரு தரம் பாவித்து எறிகிற பொருளாக இல்லாத அந்தக் காலத்தில் செத்த வாகனப் பற்றரியும் ஈயம் தருகிற பொருள்தான். அந்தப் பழக்கம் நெருக்கடியில் பிறந்தது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பற்றரித் தட்டில் இருப்பது சுத்த ஈயம் அல்ல. அதன் பெரும்பகுதி ஈயச் சேர்மங்களின் பசை. உடைத்தால் மாவாகக் கொட்டும், நெருப்பில் போட்டால் புகைந்து பறக்கும். கட்டி ஈயத்தை உருக்குவதையும் பற்றரியை உடைத்து உருக்குவதையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

இதற்கு ஓர் ஊரின் பெயரைச் சொல்ல முடியும். ஆபிரிக்காவின் மேற்குக் கரையில், செனகல் நாட்டுத் தலைநகர் டக்கருக்கு அருகே தியாரோய் சூர் மேர் என்றொரு கடலோர ஊர். அங்கேயும் கொல்லர்கள் பழைய பற்றரி ஈயத்தை எடுத்து வலைக்குக் குண்டு வார்த்து வந்தார்கள். பல வருடம் அப்படிக் கழிந்தது. பிறகு ஈயத்தின் விலை ஏறியபோது, நெடுங்காலமாகப் பற்றரி உடைத்த மண்ணையே சல்லடையிட்டு ஈயத்தைப் பொறுக்கி விற்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்குள்ளேயே சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். எல்லாம் சின்னஞ்சிறு பிள்ளைகள். வலைக்குக் குண்டு வார்ப்பதில் ஆரம்பித்த பழக்கம் போய் முடிந்த இடம் இது. எங்கள் துறைகள் அந்த நிலையில் இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. அடுப்பு ஒன்று, ஈயம் ஒன்று, தேவை ஒன்று. அதனால்தான் சொல்கிறேன்.

சன்னத்தின் கதையில் ஒரு பகுதி மீதி இருக்கிறது. 1882இல் சுவிற்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் ஈயச் சன்னத்துக்குச் செம்பால் உறை போட்டார். புகையில்லா மருந்தின் வேகத்துக்கு வெறும் ஈயம் தாக்குப்பிடிக்காது என்பதால் படைகளெல்லாம் உறைக்கு மாறின. ஈயம் குழலைத் தொடவே இல்லை, பிரச்சினை தீர்ந்தது. அதற்குப் பிறகு எத்தனை சன்னம் வேண்டுமானாலும் நிறுத்தாமல் சுடலாம் என்றாயிற்று. அப்படிச் சுட்டது எங்கே போய் விழுந்தது? யுத்தத்தில் முன்னரங்காக இருந்த முகமாலைப் பக்கத்துப் பனைகளைக் கேட்டால் தெரியும். மரக்காலையில் பனையைப் பிளக்கும்போது வாள் கிறீச்சிடும். கறுத்த நாருக்குள் சன்னம். அப்படி எடுத்த ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். செம்புறை பச்சை பிடித்துக் கிழிந்திருந்தது. உள்ளே ஈயம் வெளுத்து மாப் படிந்திருந்தது. 2002 முதல் வடக்கில் கண்ணிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகளின் பணியாளர்கள், கருவி கத்துகிற ஒவ்வொரு இடத்தையும் தோண்டிப் பார்க்க வேண்டும். கண்ணிவெடியா, வெறும் சன்னத் துண்டா என்று கருவிக்குத் தெரியாது.

சுண்ணாம்பு கலந்த எங்கள் மண்ணில் ஈயம் சுலபமாகக் கரைந்து ஓடாது, விழுந்த இடத்தில் மேல்மண்ணிலேயே நிற்கும் என்பது ஒரு சின்ன ஆறுதல். அதே காரணத்தால் அது போகவும் போகாது. தோட்டத்து மண்ணில் விளையாடுகிற பிள்ளைக்கு அது எட்டும் தூரத்திலேயே இருக்கும். வாழையடியில் கொட்டிய கசடும் அப்படித்தான்.

மற்ற நாடுகள் இதைத் தாமாகவே உணர்ந்துவிடவில்லை. அன்னங்கள் செத்து மிதந்த பிறகுதான் பிரித்தானியா 1987இல் தூண்டிலுக்கான சிறு ஈயக் குண்டுகளைத் தடை செய்தது. நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னத்தை அமெரிக்கா 1991இல் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் ஈரநிலங்களில் அதைத் தடுத்தது 2023இல்தான். 1938 முதல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 முதல் தேசியப் பூங்காவாகவும் இருக்கிற சுண்டிக்குளத்துக்கு வரும் பூநாரைகளுக்கும் தாராக்களுக்கும் இந்த விஷயத்தில் ஒரு சட்டம் வேண்டும் என்பேன். ஆனால் கடற்றொழிலாளிக்குத் தடைச் சட்டத்தால் நன்மை வராது. வீச்சுவலைக்கு ஈயத்துக்கு ஈடான இன்னொன்றைக் கையில் கொடுக்காமல் ஈயத்தைப் பறிப்பது அநியாயம்.

செய்யக்கூடியது வேறு. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எங்கள் ஒவ்வொரு துறையிலும் இருக்கின்றன. கட்டடமும் வளவும் உண்டு. அந்த வளவில், வீடுகளுக்குத் தள்ளி, காற்றோட்டமான ஒரு கொட்டில் போடுங்கள். அங்கே ஈயம் உருக்க மட்டும் ஒரு சட்டி, ஒரு அகப்பை, கசட்டைப் போட்டு மூடி வைக்க ஒரு தகர வாளி, பக்கத்தில் சவர்க்காரமும் தண்ணீரும் வையுங்கள். பற்றரியை உடைத்து உருக்குவதை அடியோடு நிறுத்தி, பழைய பற்றரியை முழுதாகவே வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். வலை பொத்துகிற ஒவ்வொருவர் கைக்கும் ஒரு குறடு கொடுங்கள், விலை அதிகமில்லை. சாப்பிட முன்னும் வெற்றிலை போட முன்னும் கை கழுவச் சொல்லுங்கள். ஈயம் உருக்கும்போது போட்டிருந்த உடுப்போடு வந்து பிள்ளையைத் தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் டெங்குக்காக வளவுக்குள் வரும்போது அடுப்பங்கரையையும் ஒருதரம் பார்க்கட்டும். கரையோரப் பாடசாலைப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று அளந்து பார்க்கும் வேலையை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் கையில் எடுக்க வேண்டும். இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது அந்த வளாகத்திலோ ஏதாவதொரு சங்கத்திலோ ஒரு சொல் சொல்லக்கூடிய இடம் இருந்தால், அடுத்த கூட்டத்திலேயே அதைச் சொல்லுங்கள்.